எந்த உரம் மேலானது?

உசிலம்பட்டி வட்டாரத்தில் மானாவாரிச் சோளம் பயிரிடும் ஒரு சங்கத்தார், கடலைப் பிண்ணாக்கைக் கடனுக்கு மொத்தமாக வாங்க எண்ணுகின்றனர் என்று கொள்வோம். பலனில்லாவிடில் கடன் மட்டுமே மிஞ்சும். ஆதலின் முன்னரே சோதித்தறிதல் நலம்.

சம அளவுள்ள 9 பாத்திகளுக்கு மூன்று உரங்களையும் திருவுளச்சீட்டின்படி பகிர்ந்திடுக. மகசூல் படிக்கணக்கில் பின்வருமாறு கண்டதாகக் கொள்க:

தொழுவுரம்: 10, 12, 14, சராசரி 12.
தழையுரம்: 13, 15, 17; சராசரி 15.
பிண்ணாக்கு: 16, 18, 20, சராசரி 18.
பொதுச் சராசரி 15.

ஒரே உரமிட்ட பாத்திகளும் மண்ணாலும் ஈரத்தாலும் தம்முள் வேறுபடுகின்றன. உரங்களுக்கிடையேயுள்ள வேறுபாடு இதனினும் மிக்கதா என்பதே வினா.

ஒவ்வொரு பாத்தியும் தன் உரத்தின் சராசரியினின்று விலகிய அளவுகளை வர்க்கித்துக் கூட்டினால் 24. பாத்திகள் 9-ல் உரங்கள் 3-ஐக் கழித்த 6-ஆல் வகுக்க, 4.

உரச் சராசரிகள் பொதுச் சராசரியினின்று விலகிய அளவுகளை வர்க்கித்துக் கூட்டினால் 18. ஓர் உரத்திற்குரிய பாத்திகள் 3-ஆல் பெருக்க, 54. உரங்களின் எண்ணில் ஒன்று குறைந்த 2-ஆல் வகுக்க, 27.

27-ஐ 4-ஆல் வகுக்க, 6.75. உரங்களிடையே பேதமே இல்லாவிடினும் தற்செயலாக இவ்வீதம் 5.14-ஐ மிஞ்சுவது நூற்றில் ஐந்து முறையே. ஆகவே உரங்கள் யாவும் ஒன்றே எனல் பொருந்தாது.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1919-ல் பணியேற்ற ரொனால்டு பிஷர், இம்முறையை வகுத்து 1925-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

எவ்வுரம் எதனினும் மேல் என்பதை இக்கணக்கு தனித்துக் காட்டாது. மிகுதி மகசூல் பிண்ணாக்கின் விலைக்கும் வட்டிக்கும் ஈடாகுமா என்று பார்த்த பின்னரே கடனில் இறங்குதல் தக்கது.