வன்தட்டுப் பழுதும் படியெடுத்தலும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கணிப்பொறிப் பழுதைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று மாணவர் வினவக்கூடும். விடை எம் துறையின் மர அலமாரியில் இருக்கிறது. உள்ளங்கை அளவேயான, செயலற்றுப்போன வன்தட்டு ஒன்றை அங்கு வைத்திருக்கிறோம். வெள்ளகோவில் வட்டாரத்து நெசவுச் சொற்களைத் திரட்டும் பணியில் எம் மாணவர் மூன்றாண்டுகள் ஈடுபட்டனர். பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது என்பவற்றில் தொடங்கி, தறிக்கூடத்துக்கு வெளியே எவரும் வழங்காத சொற்கள் வரை திரட்டினர். கைத்தறியில் அமர்ந்து பழகிய முதியோரின் குரல்களையும் பதிவு செய்தனர். அவை யாவும் அந்த ஒரு தட்டில் இருந்தன. பெரும்பகுதி இன்று இல்லை. தட்டு பழுதுற்றது உண்மையே. ஆயினும் தொகுப்பைப் பெரிதும் அழித்தது அப்பழுதன்று. பழுதை நீக்குவதாக எண்ணி யாம் செய்த செயலே ஆகும்.

ஹார்டு டிஸ்க் என வழங்கும் வன்தட்டு 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தாரால் அறிமுகப்படுத்தப்பட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்ட அப்பெரும் பொறியில் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக் குறிகளே அடங்கின. இன்றைய தட்டு சட்டைப்பையில் அடங்கினும் தத்துவம் அதுவே. காந்தப் பூச்சுடைய தட்டு நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும். படிக்கும் தலை அதனைத் தொடாது, மெல்லிய காற்றுப் படலத்தின்மேல் மிதந்து செல்லும். அவ்விடைவெளி ஒரு தூசியின் பருமனையும்விடப் பன்மடங்கு குறைவு. ஆதலின், இயங்கும் பொறியைத் தட்டுவதும் நகர்த்துவதும் எத்துணைத் தீங்கானவை என்பதை நாம் உணரலாம். உள்ளே என்னதான் இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்ப்போரும் உளர். தூய்மை காக்கப்பட்ட ஆய்வறைக்கு வெளியே அவ்வாறு திறந்த தட்டினை மீண்டும் நம்புதல் இயலாது.

இனி, கணிப்பொறி இயங்க மறுத்தவுடன் வன்தட்டைப் பழித்தல் பொதுவழக்கு. பல வேளைகளில் குற்றம் பிறிதோரிடத்தில் இருக்கும். பொத்தானை அழுத்தியும் விசிறி சுழலவில்லையெனில் மின்கம்பியையும் எஸ்.எம்.பி.எஸ். எனும் மின்வழங்கியையும் ஐயுறுதல் வேண்டும். விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்து, பொறி விட்டுவிட்டு ஒலி எழுப்பினால், பெரும்பாலும் ராம் எனும் நினைவக அட்டையில் குறை இருக்கும். மின்னிணைப்பை முற்றிலும் நீக்கியபின் அதனைக் கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மென்மையாகத் துடைத்து, மீண்டும் அழுந்தச் செருகினால் பொறி உயிர்பெறுவதைப் பலரும் கண்டிருப்பர். நாளும் நேரமும் தாமே பழைய ஆண்டுக்குத் திரும்பினால், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் தீர்ந்தது என்க. அக்கலம் தீர்ந்தால் பொறியின் அமைப்புகள் மாறி, நலமாயுள்ள வன்தட்டிலிருந்தும் விண்டோஸ் தொடங்காது நிற்பதுண்டு.

வெள்ளகோவிலில் தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டுக் கணிப்பொறியைத் திறந்து பார்த்தால் விசிறி இறகுகளில் பஞ்சுத் துகள் படிந்திருக்கக் காணலாம். வெப்பம் வெளியேறாமையால் பொறி இடையில் நின்றுவிடும். அதுவும் வன்தட்டின் குற்றமாகவே பேசப்படும்!

மெய்யாகவே வன்தட்டு பழுதுறும்போது சில குறிகள் தோன்றும். நாடா ஓடும் ஓசை சற்றே மாறினாலும் தறிக்காரர் செவி அதனை அறிந்துகொள்ளும். அவ்வாறே தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஓசை சீராக எழுமாயின், தலை தன் இடத்தைக் காணாது தடுமாறுகிறது என்று பொருள். அந்நொடியே மின்சாரத்தை நிறுத்திவிடல் வேண்டும். ஒரு குறிப்பிட்ட கோப்பைத் திறக்கும்போது மட்டும் பொறி உறைந்து நிற்குமாயின், அக்கோப்புள்ள பகுதி கெட்டிருக்கலாம். தட்டு தன்னைத்தானே கண்காணித்துக் குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ என்னும் ஏற்பாடும் உண்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் அக்குறிப்பைப் படிக்கலாம். அதில் 5, 197 என்ற எண்ணுடைய வரிகள் பழுதுற்ற பகுதிகளைச் சுட்டும். 199 ஆம் வரி உயர்ந்துகொண்டே போனால் பெரும்பாலும் கேபிளை மாற்றினாலே போதும். ஆயினும் இக்குறிப்பை முழுதும் நம்பலாகாது. கூகுள் நிறுவனத்தார் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்த தட்டுகளுள் 36 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை, வெப்ப அளவை நீக்கிப் பார்த்தால், எவ்வித முன்னறிகுறியும் காட்டவில்லை. அதே ஆய்வில், வருடிப் பார்க்கையில் முதற்பிழை தென்பட்ட தட்டு, பிழையற்ற தட்டைவிட 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு என்றும் கண்டனர். முதற்பிழையைக் கண்டபின் நாளை பார்ப்போம் என்று இருத்தல் தகாது என்பதை இவ்வெண்ணே கூறுகிறது.

நோயையும் அதன் முதலையும் அறிந்தபின் தணிக்கும் வழியை நாடுமாறு மருத்துவர்க்கு வள்ளுவர் வரிசை வகுத்தார். வன்தட்டைப் பொறுத்தவரை அவ்வரிசைக்கும் முன்னதாக ஒரு படி உண்டு. அது, கையில் உள்ளதைப் படியெடுத்துக் கொள்ளுதல். யாம் தவறியது இங்கேதான். கோப்புகள் திறக்கத் தாமதமானபோது, உரிய கட்டளை ‘செக்டிஸ்க்’ என்று எவரோ கூற, அதனை இரவு முழுதும் இயக்கினோம். அக்கட்டளை நலமான தட்டில் கோப்பு முறைமையை ஒழுங்குசெய்ய ஏற்றது. நலிந்த தட்டில் அது ஒவ்வொரு பகுதியையும் வலிந்து படிக்கும். அட்டவணையைத் திருத்தி எழுதும். காலையில் கோப்புறைகள் மறைந்து, பெயரிழந்த துண்டுகள் எண்களோடு மட்டும் கிடந்தன. நண்பகலில் தட்டு அறவே நின்றது.

செய்திருக்க வேண்டியது வேறு. தட்டினைக் கழற்றி வேறொரு பொறியில் இணைத்து, எதனையும் அதில் எழுதாமல், முழுமையும் புதிய தட்டிற்குப் படியெடுத்திருக்க வேண்டும். லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்னும் மென்பொருள் முதலில் நலமான பகுதிகளை விரைந்து எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பின்னரே திரும்பும். திருத்தங்களை எல்லாம் அப்படியில்தான் செய்தல் வேண்டும். ‘டிக்’ ஓசை கேட்ட தட்டாயின் இதற்கும் முயலாது, மீட்பதையே தொழிலாகக் கொண்டோரிடம் ஒப்படைத்தல் நன்று. குளிர்பெட்டியில் வைத்தால் தட்டு பிழைக்கும் என்னும் அறிவுரையை யாரும் கேளற்க; உள்ளே நீர்த்துளி படியும்.

தமிழ் பயில்வோர்க்குப் பயன்படும் செய்தி ஒன்றும் உண்டு. யூனிகோடு முறையில் எளிய உரைக்கோப்பாகச் சேமிக்கும்போது ஒரு தமிழ்க்குறிக்கு 3 பைட் இடம் வேண்டும். ‘கி’ என்பது இரு குறிகள். ஆகவே 6 பைட். தட்டின் ஒரு பகுதி 4096 பைட் எனில், அது கெட்டால் ஏறத்தாழ 1365 குறிகள், ஓரிரு பக்கங்கள், போகும். எஞ்சியன பிழைக்கும். ஆனால் வேர்டு கோப்பு சுருக்கிக் கட்டிய மூட்டை போன்றது. ஒரு பகுதி கெட்டால் முழுக் கோப்புமே திறக்காது போகலாம். சொற்றொகுதிகளை எளிய உரைக்கோப்பாகவும் ஒரு படி வைத்தல் இதனாலேயே நலம்.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முற்பட்டதாகக் கருதப்படும் பல்சந்தமாலையை நம் மாணவர் பாடத்தில் அறிவர். முழுநூல் கிடைக்கவில்லை. களவியற்காரிகை உரையில் மேற்கோளாக வந்தமையால் 8 பாடல்கள் மட்டும் நமக்கு எஞ்சின. உரையாசிரியர் அந்நூலைக் காக்கும் கருத்தோடு எடுத்தெழுதினார் அல்லர். தம் இலக்கணத்திற்குச் சான்று தேடியே எழுதினார். எம் தொகுப்பிலும் அவ்வாறே நேர்ந்தது. பேருந்தில் கேட்டுக்கொண்டே செல்லலாம் என்று ஒரு மாணவி தம் பென் டிரைவில் ஏற்றிச் சென்ற ஒரு முதியவரின் உரையாடல், 40 நிமிடம், பழுதின்றிக் கிடைத்தது. தறியில் பாவு புணைப்பது பற்றி அவர் கூறுவது முழுமையாக உள்ளது. அவர் இப்போது இல்லை.

மற்றவர்களிடம் மாணவர் மீண்டும் சென்றனர். சிலர் முன்பு சொன்ன சொற்களையே சொன்னார்கள். சிலர்க்கு நினைவு தவறிவிட்டது. புதிய தொகுப்பின் ஒரு படி துறையிலும், ஒரு படி கல்லூரி நூலகத்திலும், மூன்றாவது வெள்ளகோவிலில் எம் வீட்டிலும் இருக்கின்றன. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மூன்றையும் திறந்து, ஏதேனும் ஒரு குரலை ஒலிக்கவிட்டுப் பார்க்கிறோம். பெரும்பாலும் மாணவர் அந்த 40 நிமிட உரையாடலையே கேட்கிறார்கள்.