பாடு இல்லாதவனுக்குக் கிடைத்த பாடு

சுண்ணாம்புக்குளம்,
வியாழக்கிழமை இரவு.

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு, பெரியப்பா எழுதுவது.

நேற்று ஜெபக்கூட்டத்தில் நீ சுவரில் மாட்டிய படத்தை நானும் பார்த்தேன். 1948-இல் இஸ்ரவேல் தேசம் பிறந்தது, 1967-இல் எருசலேம் முழுதும் அவர்கள் கைக்கு வந்தது, புறஜாதியாரின் காலம் முடிகிறது, இன்னும் இத்தனை வருஷம் என்று கோலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாய். சபை மூச்சுவிடாமல் கேட்டது. எனக்குத்தான் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. அங்கேயே எழுந்து பேசினால் உன் முகம் வாடுமே என்று இதை எழுதுகிறேன்.

இதே கணக்கை நானும் போட்டவன். மத்தேயு 24-இல் அத்திமரம் துளிர்ப்பது வருகிறதல்லவா? அத்திமரம் இஸ்ரவேல், ஒரு சந்ததிக்கு நாற்பது வருஷம். 1948-உடன் கூட்டினால் 1988. அந்த வருஷம் இந்தக் கரையில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கேட்டவர்களில் ஒருவர், எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த தன் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். “கர்த்தர் வரப்போறார், இனி எதுக்கு ஐயா படிப்பு?” என்று என்னிடமே கேட்டார். நான் தலையாட்டினேன். 1989 பிறந்தது. அந்தப் பிள்ளை மறுபடி பள்ளிக்குப் போகவில்லை. நண்டு, இறால் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனாள்.

எனக்கு முன்னும் பெரியவர்கள் இதில் விழுந்திருக்கிறார்கள். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, திருவிதாங்கூரில் குருவானவர் யூஸ்துஸ் யோசேப்பு. நல்ல பாடகர், படிப்பாளி. இன்னும் ஐந்தரை வருஷம், 1881-இல் கர்த்தர் வருவார் என்று அறிவித்தார். அந்தக் கூட்டத்தாருக்கு ஐந்தரைக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

உன் படம் அப்போஸ்தலர் வரைந்ததல்ல, மகனே. இஸ்ரவேலுக்கு ஒரு திட்டம், சபைக்கு வேறு திட்டம் என்று பிரித்துக் காட்டியவர் 19-ஆம் நூற்றாண்டில் டார்பி என்கிற பிரிட்டிஷ்காரர். 1909-இல் ஸ்கோஃபீல்டு என்பவர் அதை வேதத்தின் அடிக்குறிப்பாக அச்சிட்டார். அடிக்குறிப்பை ஜனங்கள் வசனமாகவே படிக்கத் தொடங்கிவிட்டார்கள். நினிவேக்கு நாற்பது நாள் என்று யோனா சொன்னார். ஊர் மனந்திரும்பியது, அழிவு வரவில்லை. எரேமியா 18-ஐ எடுத்துப் படி. ஜனங்கள் திரும்பினால் தாமும் திரும்புவதாக தேவனே சொல்கிறார். இதில் பஞ்சாங்கம் பார்க்க இடம் ஏது?

‘புறஜாதி’ என்ற சொல்லை நேற்று நீ இருபது தடவையாவது சொல்லியிருப்பாய். அது யார்? நாம்தான். போர்த்துக்கீசியர் இந்தக் கரையில் இறங்கியபோது நம் முன்னோரை ‘ஜெந்தியோ’ என்றார்கள்; புறஜாதி என்பதற்கு அவர்கள் பாஷையில் உள்ள சொல் அது. ஆங்கிலேயர் அதை ‘ஜெண்டூ’ ஆக்கி, தெலுங்கு மொழிக்கே பெயராக வைத்தார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கெல்திரியா கோட்டையில் 1632 முதல் பத்து வருஷம் குருவாக இருந்த ஆபிரகாம் ரோஜேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு நம் ஜனங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1651-இல் லைடனில் அச்சான அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே நாம் அஞ்ஞானிகள். அதே நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி அதே துறையிலிருந்து நம் ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தேவியாவுக்கு அனுப்பியது. புறஜாதிகளுக்கு ஒளி என்ற ஏசாயாவின் வாக்கு அவர்கள் கையிலிருந்த வேதத்திலும் இருந்தது. தாங்களும் புறஜாதிதான் என்பதை மறந்தார்கள். பவுல் ரோமர் 11-இல் பயந்தது இதற்குத்தான்.

அந்த அதிகாரத்தில் புறஜாதிக் கிளையை ஒட்டவைக்கிற ஒலிவமரத்தை நம் ஜனங்கள் கண்டதில்லை. நான் நம் ஏரியின் ‘பாடு’ முறையை வைத்துத்தான் சொல்லுவேன். பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த முறைக்கு வலை கட்டுவது என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்க்கிறார்கள். ஊர்த் தலைக்கட்டுப் பட்டியலில் பேர் உள்ளவனுக்குத்தான் அந்த உரிமை, அதாவது பாடு. பாடு இல்லாத இருளர், பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பாய். அப்படி நிற்கிற ஒருவரைக் கரையிலுள்ள பெரியவர்கள் கூப்பிட்டு, “உன் பேரையும் எழுதிக்கொள், இனி உனக்கும் பாடு உண்டு” என்றால் எப்படி இருக்கும்? அதுதான் கிருபை. நமக்கு நடந்தது அதுதான். அப்படிப் பாடு பெற்றவன் மறுநாளே பழைய தலைக்கட்டுக்காரரைப் பார்த்து, “உங்கள் உரிமை முடிந்தது, ஏரி இனி எனக்கு” என்று சொல்லலாமா? இஸ்ரவேலின் இடம் முழுதும் சபைக்கு வந்துவிட்டது என்று சொல்லுகிறவர்கள் அதைத்தான் சொல்லுகிறார்கள். டார்பியின் ஆட்களோ ஏரியையே இரண்டாக வெட்டுகிறார்கள். பவுலுக்கு மரம் ஒன்றுதான், வேரும் ஒன்றுதான். முறித்த கிளையைத் திரும்ப ஒட்டவைக்கத் தேவன் வல்லவர் என்கிறார்; எந்த வருஷம் என்று சொல்லவில்லை. முடிவில் கணக்குப் போடாமல், அவர் வழிகள் ஆராய முடியாதவை என்று துதித்து நிறுத்திவிடுகிறார்.

காசா யுத்தத்தைக் காட்டி நீ நேற்று சந்தோஷப்பட்டாய். அது என்னைக் குத்தியது. 2023 அக்டோபர் 7-இல் இஸ்ரவேலில் வீடு புகுந்து கொன்றார்கள். அதே மாதம் 19-இல் காசாவில் புனித போர்பிரியுஸ் ஆலய வளாகத்தில் குண்டு விழுந்து, தஞ்சம் புகுந்திருந்த கிறிஸ்தவர்கள் செத்தார்கள். உன் படத்தில் இவர்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள்? பிணத்தை அடையாளமாக எண்ணுகிறவன் கண்ணீர் விடமாட்டான். எருசலேமைப் பார்த்து ஆண்டவர் கண்ணீர் விட்டார்.

ஞாயிறு பிரசங்கம் உன்னுடையது என்று சபை ஐயர் சொன்னார். அந்தப் படத்தை மடித்து வை. எசேக்கியேல் 47-ஐ எடு: ஆலயத்திலிருந்து ஓடுகிற தண்ணீர், உயிர் பெறுகிற கடல், கரையில் வலை விரிக்கிற மீன்பிடிக்காரர், உவர்ச்சேறு மட்டும் உப்புக்கென்று விடப்படுகிறது. இந்தக் கரை ஜனங்களுக்கு அதை விளக்கிச் சொல்லவே வேண்டாம், அவர்கள் கண்ணால் பார்ப்பதுதான் அது.

1988-இல் படிப்பை விட்ட அந்தப் பெண்ணும் வந்திருப்பாள். இரண்டாவது வரிசை, ஜன்னல் ஓரம். அவளுடைய கடைசி மகள் இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறாள்.

உன் பெரியப்பா