கந்தகம் கற்பித்த பாடம்

தீக்குச்சியை உரசியதும் மூக்கைத் துளைக்கும் நெடியை நாம் எல்லோரும் அறிவோம். அது கந்தக டை ஆக்சைடு. ஒரு கந்தக அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்தது. அதன் உறவினர் ஒருவரை இங்கே அறிமுகம் செய்கிறேன். அவர் 23 ஆண்டுகள் பொய்ப்பெயரில் உலவியவர். என் வயதும் அதுவே!

சென்ற மாதம் ஆய்வுக்கூடத்தில் நான் ஒரு பொருளைத் தயாரித்தேன். பகுப்பாய்வில் அணுக்களின் விகிதம் எதிர்பார்த்தபடியே வந்தது. ஊரிலிருக்கும் அப்பாவுக்குத் தொலைபேசியில், "வெற்றி!" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பேராசிரியர் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "இது ஒரே பொருளா, கலவையா?" என்று கேட்டார். நான் விழித்தேன். அவர் சொன்ன கதை இது.

1933-இல் ஷெங்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், அழுத்தம் மிகக் குறைந்த குழாயில் கந்தக ஆவியையும் கந்தக டை ஆக்சைடையும் கலந்து மின்சாரம் பாய்ச்சினார். புதிய வாயு கிடைத்தது. அதில் கந்தகமும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு ஒன்று. ஆகவே கந்தக மோனாக்சைடு என்று பெயரிட்டார்.

1956-இல் அமெரிக்காவில் மெஷி, மையர்ஸ் என்னும் இருவர் அதை மீண்டும் ஆராய்ந்தனர். வாயுவில் முதன்மையாக இருந்த புதுப்பொருளின் மூலக்கூறு எடை 48 அன்று, 80. இரண்டு கந்தகம், ஓர் ஆக்சிஜன்: இருகந்தக மோனாக்சைடு!

ஷெங்கின் கணக்கு பொய்யா? இல்லை. இந்த வாயு, அழுத்தம் மிகக் குறைவாக இருந்தால் சில நாள் நிற்கும். அழுத்தம் கூடினால் சிதைந்து, கந்தகமும் கந்தக டை ஆக்சைடும் ஆகிவிடும். எனவே கந்தக டை ஆக்சைடு அதனுடன் கலந்தே இருக்கும். இரண்டிலும் ஒவ்வொரு மூலக்கூறு எடுத்துக் கூட்டுங்கள்: கந்தகம் மூன்று, ஆக்சிஜன் மூன்று. விகிதம் ஒன்றுக்கு ஒன்றுதான்!

எடை மட்டும் போதுமா? கந்தக டிரை ஆக்சைடின் எடையும் 80-தான். 1959-இல் அவ்விருவரே நுண்ணலை நிறமாலையைக் கொண்டு மூலக்கூறின் வடிவத்தையும் காட்டினர். கந்தகம், கந்தகம், ஆக்சிஜன் என்ற வரிசை. நடுவில் ஏறக்குறைய 118 பாகை வளைவு. உண்மையான கந்தக மோனாக்சைடும் உண்டு. ஆனால் அது நொடிப்பொழுதுகூட நிலைப்பதில்லை.

கதை முடிந்ததும் குறிப்பேட்டில் நான் எழுதியிருந்த பெயரை அடித்தேன். இரவு அப்பாவை அழைத்து, "இன்னும் வெற்றி இல்லை, அப்பா; சோதிக்க வேண்டியது நிறைய இருக்கிறது," என்றேன்.

"பொறுமையாகச் செய்," என்றார்.