ஒரே அவை போதும் என்ற மாநிலம்

அமெரிக்காவின் மற்ற 49 மாநிலங்களிலும் சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள். நெப்ராஸ்காவில் மட்டும் ஏன் ஒன்று?

அங்கும் முன்பு இரண்டுதான். ஒரே மசோதாவை இரு அவைகளும் வெவ்வேறு விதமாக நிறைவேற்றினால், சிலர் மட்டும் மூடிய அறையில் கூடி இறுதி வடிவம் கொடுப்பார்கள். யார் எதை வெட்டினார் என்பது மக்களுக்குத் தெரியாது. அந்த மூடிய கதவைத்தான் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நெப்ராஸ்காவின் செனட்டராக இருந்த ஜார்ஜ் நாரிஸ் எதிர்த்தார். ஒரே அவை போதும் என்று 1934-இல் காரிலேயே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பொருளாதார மந்தக் காலம். செலவு குறையும் என்ற வாதமும் எடுபட்டது. மக்கள் வாக்களித்து ஏற்றார்கள். 133 பேர் இருந்த சட்டமன்றத்தில் 1937-இல் 43 பேர் அமர்ந்தார்கள். இன்று 49. வாக்குச்சீட்டில் அவர்களுக்குக் கட்சிப் பெயரே கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இவர்களையும் 'செனட்டர்' என்றே அழைப்பார்கள், குழம்பிவிடாதீர்கள்.