காக்கையையும் எழுதுங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தபால்காரன். தாராபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். காலையில் வாய்க்கால் கரையில் நடக்கும்போது கண்ணில் படும் பறவைகளை நோட்டில் எழுதிவைப்பது பல வருடப் பழக்கம். காக்கை, மைனா, கொக்கு என்று எல்லோருக்கும் தெரிந்தவைதான். செல்போனில் ஏற்றினால் ஆராய்ச்சிக்கு உதவும் என்கிறாள் பேத்தி. கேமரா, பைனாகுலர் எதுவும் என்னிடம் இல்லை. தப்பாக எழுதிக் கெடுத்துவிடுவேனோ என்று தயக்கமாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

பதில்: உங்கள் பேத்தி சொல்வது சரி. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பேர் அனுப்பிய 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. சம்பளத்துக்கு ஆள் வைத்துத் திரட்டக்கூடிய அளவா இது? உங்களைப் போல ஆசையால் பார்ப்பவர்கள் எழுதியதுதான் அதன் அடித்தளம்.

‘எல்லோருக்கும் தெரிந்தவைதான்’ என்கிறீர்களே, அந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். அரிய பறவை வந்தால் படமெடுக்கப் பத்துப் பேர் ஓடி வருவார்கள். மின்கம்பியில் தினமும் உட்கார்ந்திருக்கும் பனங்காடையைப் பலரும் எழுதுவதில்லை. அது குறைந்துவருகிறது என்பது, சலிக்காமல் அதை எழுதியவர்களால்தான் தெரியவந்தது. குயில் பெருகியிருப்பதும் அப்படித்தான். சிட்டுக்குருவி அழிந்தே போயிற்று என்று ஊரெல்லாம் பேச்சு. நாடு முழுக்கப் பார்த்தால் அது ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று 2020 அறிக்கை காட்டியது.

இந்தியாவில் இதற்குப் பெரும்பாலோர் பயன்படுத்துவது இ-பேர்டு திட்டத்தின் இலவசச் செயலி. அந்தத் திட்டத்தை அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கியது. நடக்கக் கிளம்பும்போது செயலியைத் திறந்து பட்டியலைத் தொடங்குங்கள். நேரத்தையும் தூரத்தையும் அதுவே குறித்துக்கொள்ளும். 15 நிமிடம் பார்த்தாலே நல்ல பட்டியல். ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்று எழுதுங்கள். கூட்டமாகப் பறந்தால் உத்தேசமாக ஓர் எண் போதும்.

அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த பறவைகள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா? இதற்கு மனசாட்சியோடு ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தால் உங்கள் பட்டியலின் மதிப்பே வேறு. முழுப் பட்டியலில் ஒரு பறவை இல்லையென்றால், அங்கே அன்று அது உங்கள் கண்ணிலோ காதிலோ படவில்லை என்று பொருள். அதுவும் தகவல்தான். உதாரணத்துக்கு, ஒரு வட்டாரத்தின் 100 முழுப் பட்டியல்களில் 40இல் இருந்த பறவை, பத்து வருடம் கழித்து 20இல்தான் இருக்கிறது என்றால் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ‘காக்கையை எதற்கு எழுதுவது’ என்று எல்லோரும் விட்டிருந்தால் இந்தக் கணக்கே போட முடியாது.

பெயர் தெரியாத பறவையை விட்டுவிடலாம். தெரிந்ததையெல்லாம் எழுதியிருந்தால் அது முழுப் பட்டியல்தான். ஊகித்து எழுதுவதுதான் கெடுதல். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி நல்ல துணை. ஆனால் அது சொன்னதாலேயே எழுதாதீர்கள், பறவையைத் தேடிப் பார்த்து நிச்சயித்துக்கொள்ளுங்கள். வழக்கத்துக்கு மாறான பறவையோ எண்ணிக்கையோ இருந்தால் செயலி விவரம் கேட்கும். தேவைப்பட்டால் அந்தப் பகுதியை அறிந்த தன்னார்வலர் ஒருவர் உங்களுக்கு எழுதுவார். அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறம், அலகு, வால், எங்கே உட்கார்ந்திருந்தது என்று பார்த்ததைச் சொன்னால் போதும். தப்பைத் திருத்தவும் வழி உண்டு.

ஊரோடு சேர்ந்து செய்ய ஆசையிருந்தால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்துகிறார்கள். பண்டிகை நாளில் எண்ணும் வழக்கத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. கிறிஸ்துமஸ் அன்று போட்டிபோட்டுப் பறவைகளைச் சுடும் பழக்கம் அமெரிக்காவில் இருந்தது. அதற்குப் பதிலாக எண்ணலாமே என்றார் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன். 1900இல் 27 பேர் எண்ணினார்கள். இன்றும் அது தொடர்கிறது. பேத்தியையும் பொங்கலன்று அழைத்துப் போங்கள். அவளுக்கு மரங்கள் பிடிக்குமென்றால் சீசன்வாட்ச் திட்டத்தில் சேரலாம்: ஒரே மரத்தை வாராவாரம் பார்த்துத் தளிர், பூ, காய் எவ்வளவு என்று குறிக்க வேண்டும்.

கூடு கண்டால் கிட்டே போகாதீர்கள், இடத்தைப் பரப்பாதீர்கள்.

கடைசியாக உங்கள் நோட்டு. அதைப் பரணில் போட்டுவிடாதீர்கள். தேதியும் இடமும் இருந்தால் பழைய பட்டியல்களையும் இ-பேர்டில் ஏற்றலாம். தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் நடந்தீர்கள், எவ்வளவு தூரம் என்று குறித்திருந்தால் அப்படியே போடுங்கள். இல்லாவிட்டால் பழைய பதிவுகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. எல்லாப் பறவையும் எழுதப்படாத பக்கங்களுக்கு முழுப் பட்டியல் கேள்வியில் ‘இல்லை’ என்று குறித்துவிடுங்கள்.