பூட்டு ஊசலும் லேசர் அறுவையும்

பத்தாம் வகுப்பில் ஒளியியல் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்தான். "சார், எங்க அப்பாவுக்குச் சிறுநீரகக் கல்லை லேசர் வச்சு உடைச்சாங்க. கடையில விக்கிற லேசர் லைட்டைக் கையில அடிச்சா சூடுகூடத் தெரியல. அது மட்டும் எப்படி சார் கல்லை உடைக்குது?"

"அதுக்குத் திறன் அதிகம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

பதில் தவறில்லை, ஆனால் பாதிதான். திறன் மட்டுமே காரணமென்றால் எல்லா அறுவைக்கும் ஒரே வகை லேசர் போதுமே! சொல்லாமல் விட்ட மீதி எனக்கு உறுத்தியது. மறுநாள் ஒரு செயல்பாட்டோடு வகுப்புக்குச் சென்றேன்.

செயல்பாடு

இரண்டு மேசைகளுக்கு இடையே ஒரு கயிற்றைச் சற்றுத் தொய்வாகக் கட்டினோம். 20, 30, 40 செ.மீ. நூல்களில் சிறு இரும்பு நட்டுகளைக் கட்டி அதில் தொங்கவிட்டோம். பக்கத்தில் 30 செ.மீ. நூலில் ஒரு பூட்டைக் கட்டி ஆட்டினோம். சற்று நேரத்தில் 30 செ.மீ. நட்டு வீசி ஆடியது. மற்றவை லேசாக அசைந்ததோடு சரி. பூட்டை இன்னும் அகலமாக ஆட்டியும் 40 செ.மீ. நட்டு அதற்கு ஈடாக ஆடவில்லை. பூட்டின் நூலை 20 செ.மீ. ஆக்கியதும் ஆட்டம் 20 செ.மீ. நட்டுக்கு மாறியது. இதுவே ஒத்ததிர்வு.

விளக்கம்

நட்டுகள் மூலக்கூறுகள், பூட்டு ஒளி. மூலக்கூறில் உள்ள அணுக்கள் ஓயாமல் அதிர்கின்றன. அந்த அதிர்வெண்கள் பெரும்பாலும் நடு அகச்சிவப்பு ஒளியின் அதிர்வெண்களோடு ஒத்துப்போகின்றன. நீர் 3 மைக்ரோமீட்டரை ஒட்டிய ஒளியை மிக வலுவாக உறிஞ்சுகிறது, மீத்தேன் 3.3, கார்பன் டைஆக்சைடு 4.3 மைக்ரோமீட்டர் அருகே உறிஞ்சுகின்றன. எந்த அலைநீளம் குறைகிறது என்று பார்த்தே காற்றில் என்ன வாயு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இது நிறமாலையியல்.

சிறுநீரகக் கல்லுக்குப் பரவலாகப் பயன்படும் ஹோல்மியம் லேசரின் அலைநீளம் 2.1 மைக்ரோமீட்டர். நீர் அதை நன்கு உறிஞ்சுவதால், ஆற்றல் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. கல் சூடாகிச் சிதறுகிறது. கடை லேசரின் சிவப்பு ஒளி சுமார் 0.65 மைக்ரோமீட்டர். அதன் திறனும் குறைவு. நீரும் அதை ஏறக்குறைய அப்படியே கடக்க விடுகிறது.

நூலை மாற்றத்தக்க பூட்டு

ஹோல்மியம் லேசர் ஏறக்குறைய ஒரே நீள நூலில் கட்டிய பூட்டு. நீளத்தை மாற்ற முடிந்தால்? அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த கட்டற்ற எலக்ட்ரான் லேசரில் அது முடிந்தது. காந்த வரிசைகளுக்கு இடையே விரைந்து வளைந்து செல்லும் எலக்ட்ரான்கள் ஒளியை உமிழ்கின்றன. எலக்ட்ரானின் ஆற்றலையோ காந்தப்புலத்தையோ மாற்றினால் அலைநீளம் மாறும். அங்குள்ள ஆய்வாளர்கள் 6.45 மைக்ரோமீட்டரில் ஒளியைச் செலுத்தியபோது, நீரோடு புரதப் பிணைப்புகளும் ஆற்றலை உறிஞ்சின. திசு சுலபமாக அகன்றது. சுற்றியுள்ள பகுதிக்குச் சேதம் குறைந்தது. 1994இல் இம்முடிவு வெளியானது. 1999இல் அதே லேசரைக் கொண்டு ஒரு நோயாளியின் மூளைக்கட்டியில் அறுவை செய்தார்கள்.

அது பெரிய கூடத்தை அடைக்கும் கருவி. அதே 1994இல் பெல் ஆய்வகத்தில் ஃபெடரிகோ கபாசோ, ஜெரோம் ஃபைஸ்ட் குழுவினர் குவாண்டம் கேஸ்கேட் லேசரை இயக்கிக் காட்டினார்கள். நகத்தைவிடச் சிறிய சில்லு! அதன் மெல்லிய அடுக்குகளின் தடிமன்தான் அலைநீளத்தை முடிவு செய்கிறது. இன்று வாயுக்களை அளக்க அது பெரிதும் உதவுகிறது.

எல்லாம் முடிந்ததும் அந்த மாணவனிடமே பதிலைக் கேட்டேன். "பலமா அடிச்சா மட்டும் போதாது சார், பொருத்தமாவும் அடிக்கணும்" என்றான். முந்தைய நாள் நான் சொல்ல வேண்டியிருந்தது அதுதான்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. பூட்டின் நூல் 40 செ.மீ. ஆனால் எந்த நட்டு அதிகம் ஆடும்?
2. மீத்தேன் கசிவைக் கண்டறிய எந்த அலைநீளத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஏன்?

எச்சரிக்கை: இச்செயல்பாட்டுக்கு லேசர் விளக்கு தேவையில்லை. மாணவர்கள் கொண்டுவந்தால் யார் கண்ணுக்கும் நேராகப் பிடிக்க விடாதீர்கள்.