முதன்முறையாக ஆட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

திருவாடானை வட்டாரத்தில் மானாவாரி நெல்லுக்கு அடுத்தபடியாகக் கையில் பணம் தருவது ஆடுதான். கண்மாய் பெருகி நெல் விளைந்த ஆண்டில் ஆடு உபரி வருமானம்; மழை பொய்த்த ஆண்டில் அதுவே வருமானம். ஆனாலும் இங்குள்ள சிறு விவசாயிகளில் பலர் தங்கள் ஆட்டைத் தாங்களே சந்தையில் விற்றதில்லை. வியாபாரி வீட்டு வாசலுக்கு வருகிறார். ஆட்டின் முதுகையும் இடுப்பையும் பிடித்துப் பார்க்கிறார். உருப்படிக்கு இவ்வளவு என்கிறார். விதைப்புக்கு உழவுக் கூலி கொடுக்க வேண்டிய ஆவணி மாதத்திலோ, பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்திலோ அந்த விலையை மறுத்துச் சொல்லப் பலருக்குத் துணிவு வருவதில்லை.

வாசலில் விற்பது எப்போதும் நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. வியாபாரிக்கு வண்டி வாடகை உண்டு, சந்தைச் சுங்கம் உண்டு, வழியில் ஓர் ஆடு செத்தால் அந்த நஷ்டமும் அவரைச் சேர்ந்தது. இவற்றைக் கழித்துத்தான் அவர் விலை சொல்ல முடியும். எவ்வளவு கழிக்கிறார் என்பது விற்பவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் குறை. தன் ஆட்டின் எடையும் வயதும் தெரிந்து, சந்தை விலையும் தெரிந்த விவசாயி வாசலில் விற்றாலும் ஏமாறுவதில்லை. சந்தைக்குப் போகும் ஏற்பாடு இந்த மூன்றையும் தெரிந்துகொள்வதில்தான் தொடங்குகிறது.

முதல் தடவை வெறுங்கையோடு

ஆட்டை ஓட்டிச் செல்வதற்கு முன் ஒரு முறையாவது ஆடில்லாமல் சந்தைக்குப் போய்வர வேண்டும். திருப்புவனத்தில் செவ்வாய்க்கிழமையும், பரமக்குடியில் வியாழக்கிழமையும், எட்டயபுரத்தில் சனிக்கிழமையும் சந்தை கூடுகிறது. ஆட்டு வியாபாரம் விடியுமுன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறும்போது நல்ல வியாபாரிகள் வண்டி ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். ஆகவே பொழுது விடிந்த பிறகு சாவகாசமாகப் போய்ப் பார்த்தால் சந்தையின் வால்தான் தெரியும்.

அங்கே பார்க்க வேண்டியவை சில. தன்னிடம் உள்ளதைப் போன்ற ஆடு என்ன விலை சொல்லப்பட்டது, என்ன விலைக்கு முடிந்தது? சொன்ன விலைக்கும் முடிந்த விலைக்கும் இடையே எவ்வளவு தூரம்? கறிக்கடைக்காரர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், வளர்ப்புக்கு வாங்குகிறவர்கள் எந்தப் பக்கம்? சுங்கம் எவ்வளவு, ரசீது தருகிறார்களா? தண்ணீர் எங்கே, நிழல் எங்கே? ஐந்தாறு ஆடுகளின் கதையைத் தொடக்கம் முதல் கடைசி வரை நின்று பார்த்தாலே அன்றைய விலை பிடிபட்டுவிடும்.

எடையும் பல்லும்

எடை தெரியாத ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் ஆள் நிற்கும் தராசு இருந்தால் ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவையும், தனியாக ஒரு தடவையும் நின்று, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்துக்கொள்ளலாம். தராசு இல்லாதவர்களுக்குத் தையல்காரரின் அளவு நாடா போதும். காலையில் தீனி போடுவதற்கு முன், ஆட்டைச் சமதரையில் நிறுத்தி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை எடுக்க வேண்டும். பிறகு தோள் முனையிலிருந்து புட்ட எலும்பின் முனை வரை நீளத்தை எடுக்க வேண்டும். இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கட்டும். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும்.

ஓர் ஆட்டின் மார்புச் சுற்றளவு 65, நீளம் 58 என்று வைத்துக்கொள்ளலாம். 65-ஐ 65-ஆல் பெருக்கினால் 4,225. அதை 58-ஆல் பெருக்கினால் 2,45,050. இதை 10,840-ஆல் வகுத்தால் 22.5 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. சினை ஆட்டுக்கு இந்தக் கணக்கு சரிவராது. மற்ற ஆடுகளுக்கும் ஒன்றிரண்டு கிலோ முன்னே பின்னே இருக்கலாம். கண்மதிப்பைவிட இது மேல்.

கறிக்கடைக்காரரின் கணக்கு வேறு. தலை, கால், தோல், குடல் போக, உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே கறி நிற்கும். மேலே சொன்ன ஆட்டில் அவர் ஏறக்குறைய பத்துக் கிலோ கறியை மனத்தில் வைத்துத்தான் விலை கேட்பார். ஊரில் அன்று கறி கிலோ என்ன விலை என்பது தெரிந்தால், அவர் கேட்கும் விலை நியாயமா என்று நின்ற இடத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

வயதை யாரும் வாய்ச்சொல்லில் நம்புவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். ஆட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டுமே எட்டு உண்டு. ஏறக்குறைய ஒரு வயது கடந்ததும் நடுவில் உள்ள இரண்டு பால் பற்கள் விழுந்து பெரிய பற்கள் முளைக்கும். ஏறத்தாழ ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் நாலு பல், அதற்குப் பின் ஆறு பல். மூன்று, நான்கு வயதில் எட்டும் சேர்ந்துவிடும். விற்பவர் இதை வீட்டிலேயே பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதத்துக்கு முன்பே

சந்தைக்கு முந்திய நாள் வயிறு முட்டத் தண்ணீர் காட்டுவதும் உப்பு கொடுப்பதும் பழைய தந்திரங்கள். வியாபாரி வயிற்றைத் தட்டிப் பார்த்தே தெரிந்துகொள்வார். தெரிந்துகொண்டதும் அந்த விவசாயியின் மற்ற ஆடுகளுக்கும் விலையைக் குறைப்பார். உடம்பு பிடிக்க ஒரு மாதமாவது தேவை.

முதலில் குடற்புழு நீக்கம். மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, எடைக்குத் தக்க அளவில் கொடுக்க வேண்டும். சினை ஆடுகளுக்குச் சில மருந்துகள் ஆகாது. மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் கழித்து ஆட்டைக் கறிக்கு விற்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது அவசியம். அடுத்தது ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி. சந்தைக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகப் போட்டால்தான் அதற்குள் எதிர்ப்புச் சக்தி உருவாகும். ஒரு முறை போட்ட ஊசி சுமார் மூன்று ஆண்டு காக்கும். கால்நடைத் துறை முகாம்களில் இது இலவசமாகப் போடப்படுகிறது.

தீனியில் கடலைக் கொடி, அகத்தி, வாகைத் தழை, உலர்ந்த கருவேலங்காய் ஆகியவை இந்த வட்டாரத்தில் அதிகச் செலவில்லாமல் கிடைப்பவை. இவற்றோடு மக்காச்சோளக் குருணை, கடலைப் பிண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீனி நாளொன்றுக்கு 150 முதல் 200 கிராம் கொடுக்கலாம். முதல் நாளே அவ்வளவையும் கொடுக்கக் கூடாது. 50 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சீக்கிரம் கொழுக்கட்டும் என்று நெல்லையோ அரிசியையோ ஒரே வேளையில் அள்ளிப் போட்டு, மறுநாள் வயிறு உப்பி ஆடு செத்துக் கிடந்த வீடுகள் உண்டு.

யாருக்கு எந்த ஆடு

எல்லா ஆடும் கறிக்குத்தான் என்று நினைப்பது விற்பவருக்கு நஷ்டம். கொடியாட்டில் கரும்பொறை, செம்பொறை நிறங்களையும், கன்னியாட்டில் முகக் கோடுகளையும் விரும்பித் தேடுகிறவர்கள் உண்டு. செம்மறியில் ராமநாதபுரம் வெள்ளை தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டது. நல்ல தாய்க்குப் பிறந்த பெட்டைக் குட்டியைக் கறிக்கடைக்குத் தள்ளாமல் வளர்ப்புக்கு வாங்குகிறவரிடம் விற்றால் கூடுதல் விலை கிடைக்க வாய்ப்புண்டு.

கோயிலுக்கு நேர்ந்துவிடும் கிடாவுக்கு நிறமும் குறையில்லாத உடம்பும் முக்கியம். பக்ரீத் பண்டிகைக்கு வாங்குகிறவர்கள் வயது நிறைவைக் கேட்பார்கள். நொண்டல், குருடு, காது அறுந்தது இவற்றைத் தவிர்ப்பார்கள். வயதுக் கணக்கு மரபுக்கு மரபு வேறுபடும். வெள்ளாட்டுக்கு ஒரு வயது போதும் என்போரும், இரண்டு வயது நிறைய வேண்டும் என்போரும் இருக்கிறார்கள். தொண்டிப் பக்கமோ தேவிபட்டினத்திலோ விற்க நினைப்பவர் வாங்குகிறவர்களிடமே முன்கூட்டிக் கேட்டறிவது நல்லது. அடையாளத்துக்காகக் குட்டியின் காதை அறுக்கும் வழக்கம் இந்த விற்பனையைக் கெடுத்துவிடும். பக்ரீத் ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ பதினோரு நாள் முன்னால் வருகிறது என்பதையும் கணக்கில் வைத்துக் கிடாக்களை வளர்க்க வேண்டும்.

வளர்ப்புக்கு விற்பதென்றால் எழுத்தில் ஒரு குறிப்பு கையில் இருப்பது நல்லது. ஜெர்மனியில் ஹாம் என்ற நகரில் ஆண்டுக்கு நான்கு முறை பாம்பு, பல்லி, ஆமை விற்கும் சந்தை கூடுகிறது. பண்ணையில் பொரித்த குஞ்சுகளைத் தனித்தனிப் பெட்டியில் வைத்து, இனம், ஆணா பெண்ணா, பிறந்த காலம், விலை ஆகியவற்றை எழுதி ஒட்டிவிடுகிறார்கள். வாங்குகிறவர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார். ஆட்டுக்கும் இந்த முறை பொருந்தும். பிறந்த தேதி, ஒற்றையா இரட்டையா, தாய் எத்தனை ஈற்று, ஊசி போட்ட நாள் இவ்வளவும் பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கத்தில் அடங்கும். ஆட்டைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். இந்த விவரமெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கும். சந்தைக்குப் போகிற ஆண்கள் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போவதில்லை.

ஹாம் நகரச் சந்தையைப் போல இங்கே ஊர்வனவற்றை விற்கலாமா என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மண்ணுளிப் பாம்பு இருந்தால் பல லட்சம் தருகிறோம், நட்சத்திர ஆமை இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று கிராமங்களில் ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். சிறைக்குப் போகிறவர் பிடித்துக் கொடுத்த விவசாயியாக இருப்பார். லட்சம் பேசியவரைத் தேடினாலும் கிடைக்காது.

வண்டியும் செலவும்

ஒன்றிரண்டு ஆட்டுக்கு வண்டி வைத்துப் போவது கட்டாது. வண்டி வாடகை ரூ.1,500 என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஆட்டுக்குத் தலைக்கு ரூ.750 விழுகிறது, பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து பத்து ஆடு ஏற்றினால் ரூ.150 தான். அடர்தீனிச் செலவு, சுங்கம், தரகு, சாப்பாடு இவற்றையும் கூட்டி, வாசலில் வியாபாரி கேட்ட விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும். மிச்சம் தேறாது என்று தெரிந்தால் அந்த வாரம் வாசலில் விற்பதே சரி.

வண்டியின் தரையில் வைக்கோல் பரப்ப வேண்டும். காலைக் கட்டிப் போட்டு ஏற்றுவது கூடாது. ஆட்டின் உடம்பில் காயம் கண்டாலே விலை இறங்கும். கிடாக்களையும் பெட்டைகளையும் தடுப்பு வைத்துப் பிரிக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமென்றால், 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி கால்நடை மருத்துவரின் சான்றிதழும் தேவை. பயணத்தில் ஆடு ஓரிரு கிலோ இளைக்கும் என்பதால் இறங்கியதும் தண்ணீர் காட்டிச் சிறிது தழை போடலாம்.

பேரம்

துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் இன்னும் சில சந்தைகளில் இருக்கிறது. அந்த விரல் கணக்கு புரியாதவர்கள் விலையை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்கத் தயங்க வேண்டியதில்லை. தரகர் இல்லாமலும் விற்கலாம். தரகரை வைத்துக்கொண்டால் அவருக்கு எவ்வளவு என்பதைப் பேரம் தொடங்குமுன் பேசி முடிக்க வேண்டும். விற்ற பிறகு பேசினால் அவர் சொல்வதே கணக்காகும்.

இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்ற விலையை வீட்டிலேயே முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று பணம் இல்லாவிட்டால் விதைப்பு நின்றுவிடும் என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டால் பேரம் அங்கேயே முடிந்தது. பல ஆடுகளைச் சேர்த்து மொத்தமாக விலை கேட்டால் நல்ல ஆட்டைத் தனியே பிரித்துப் பேசுவது லாபம். ரொக்கமாக வாங்கினால் வெளிச்சத்தில் எண்ணி வாங்க வேண்டும். செல்போன் வழியே அனுப்பினால் வாங்கியவரின் போனைப் பார்த்து நம்பாமல், தன் கணக்கில் பணம் ஏறியதை உறுதி செய்துகொண்ட பிறகே கயிற்றைக் கொடுக்க வேண்டும்.

விலை போகாத ஆடு

முதல் சந்தையிலேயே எல்லா ஆடும் விலை போய்விடாது. மிஞ்சிய ஆட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதில்லை. ஆனால் திரும்பக் கொண்டுவந்ததும் பட்டியில் நேரே விடக் கூடாது. பல ஊர் ஆடுகள் மூச்சு முட்ட நின்ற இடத்தில் அதுவும் நின்றிருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய் அப்படித்தான் பரவுகிறது. ஊசி போடாத மந்தையில் பாதிக்கு மேல் அழிந்துபோவதும் உண்டு. எனவே அந்த ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் காட்ட வேண்டும். மந்தையைக் கவனித்த பிறகே அதைக் கவனிக்கச் செல்ல வேண்டும். காய்ச்சல், மூக்கில் சளி, வாய்ப்புண், கழிச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். சந்தையில் கட்டிய கயிற்றையும் அப்படியே பட்டிக்குள் கொண்டுபோகக் கூடாது. சோப்பு போட்டு அலசி நல்ல வெயிலில் உலர்த்திய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.